ஸ்பீக்கர் ஒயருக்கு 42,000 ரூபாய் கொடுக்கலாமா?

திருச்சியிலிருந்து ஒரு வாசகர் நீளமாக எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் ஊரோடு நிறுத்திக்கொள்கிறேன். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். புது வீடு கட்டி, 14 அடிக்கு 20 அடி ஹாலில், பல வருட ஆசையான ஸ்டீரியோ செட்டை வாங்கி வைத்திருக்கிறார். ஒரு ஆம்பிளிஃபயர், பின்னால் '6 ஓம்' என்று எழுதிய ஒரு ஜோடி சின்ன ஸ்பீக்கர்கள். ஆம்பிளிஃபயர் இருப்பது ஹாலின் இடது மூலை அலமாரியில். இடது ஸ்பீக்கருக்கு 4 மீட்டர் ஒயர் போதும். வலது ஸ்பீக்கருக்கு, கதவைச் சுற்றிக் கூரை பைப் வழியாகப் போவதால், 14 மீட்டர்.

முதல் மாதம் ஒயரைத் தரையிலேயே ஓட்டிக் கேட்டிருக்கிறார்கள். நன்றாகவே இருந்ததாம். கால் தடுக்குகிறது என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, ஆன்லைனில் 1,100 ரூபாய்க்கு வாங்கிய '16 கேஜ், 100 சதவீத காப்பர்' ரோலை, ஏற்கெனவே ஃபேன் லைன் போகிற பைப்பிலேயே இழுக்க வைத்திருக்கிறார். நீளம் போதாமல் நடுவில் ஒரு ஜங்ஷன் பாக்ஸில் முறுக்கி டேப் சுற்றி இணைத்திருக்கிறார்கள். அதிலிருந்து பிரச்சினை. "மிருதங்கத்தின் தொப்பி (இடது பக்கத் தாழ்ந்த) ஓசையே காணோம். பாடுகிறவர் குரல் முன்பு இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் நின்றது, இப்போது எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை என்று என் மனைவிதான் முதலில் சொன்னாள். அவள் 20 வருடம் பாட்டு சொல்லிக்கொடுத்தவள்," என்று எழுதுகிறார். செட்டாப் பாக்ஸை இணைத்தால் 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சலும் கேட்கிறதாம்.

ஆடியோ கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, ஒயர்தான் மட்டம் என்று சொல்லி, வெள்ளி பூசிய கேபிள் ஒரு ஜோடிக்கு 42,000 ரூபாய் கேட்டிருக்கிறார். இரண்டு பக்கமும் ஒரே நீளம், அதாவது இரண்டுமே 14 மீட்டர் இருக்க வேண்டும் என்பது அவர் நிபந்தனை. பெங்களூரில் இருக்கும் மகனோ, "அத்தனையும் ஏமாற்று வேலை, டெலிபோன் ஒயரே போதும்" என்கிறார். "கடையில் ஒயரை மாற்றிப் போட்டுக் காட்டியபோது என் காதால் வித்தியாசம் கேட்டேனே, அது பொய்யா? யார் பேச்சைக் கேட்பது? அப்புறம், ரோலில் ஒரு இழையைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாக இருக்கிறது. காப்பர் என்று விற்றவர் மீது புகார் செய்யலாமா?" இதுதான் கடிதம்.

அன்புள்ள ஐயா,

உங்கள் கடைக்காரர், மகன் இருவருமே பாதி சரி, பாதி தவறு. உங்கள் மனைவி சொன்னதுதான் முழுக்கச் சரி. ஆனால் ஒலியைப் பற்றிப் பேசுவதற்கு முன் வேறொன்றைச் சொல்லியாக வேண்டும்.

அந்த பைப்பிலிருந்து ஒயரை முதலில் வெளியே எடுங்கள்

ஃபேன் லைன் போகிற பைப்பில் ஸ்பீக்கர் ஒயர் போகக் கூடாது. ஆன்லைனில் விற்கும் ஸ்பீக்கர் ஒயரின் மேல்தோல் 230 வோல்ட்டைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. இழுக்கும்போது ஓர் இடத்தில் உரசி, பக்கத்து ஒயரின் தோலும் கிழிந்திருந்தால், வீட்டு மின்சாரம் நேராக உங்கள் ஸ்பீக்கர் முனைக்கு வந்து நிற்கும். ஆம்பிளிஃபயர் போனால் போகட்டும், பின்பக்கத் திருகைத் தொடுகிற கைக்கு என்ன ஆகும்? டேப் சுற்றிய இணைப்பும் அதே பைப்பைச் சேர்ந்த பாக்ஸில்தான் இருக்கிறது என்பதால் ஆபத்து இன்னும் கூடுதல். மெயினை அணைத்துவிட்டு, எலக்ட்ரீஷியனை வைத்தே அதை உருவி எடுங்கள். அதுவரை செட்டைப் போடாதீர்கள்.

இனி எந்த ஒயர் போட்டாலும் அதற்குத் தனி வழி வேண்டும். சுவரை மறுபடி கொத்த வேண்டியதில்லை. ஸ்கர்ட்டிங்கை ஒட்டிப் பிளாஸ்டிக் கேசிங் பட்டி அடித்து, கதவு நிலையைச் சுற்றிக் கொண்டுபோனால் கண்ணுக்கும் உறுத்தாது, நாளைக்கு மாற்றவும் சுலபம். கரண்ட் ஒயரைக் கடக்க வேண்டிய இடத்தில் குறுக்காகக் கடக்கட்டும். கூடவே ஒட்டி ஓட வேண்டாம்.

எப்படியும் ஒயரை மாற்றத்தான் வேண்டும் என்று ஆகிவிட்டது. எதை வாங்குவது என்பதற்கு வருகிறேன். அதற்கு முன், உங்கள் செட் கெட்டுப்போனதற்கு என்ன காரணம் என்று பார்த்துவிடுவோம்.

தொப்பி ஓசை எங்கே போனது?

தரையில் ஓட்டியபோது நன்றாக இருந்தது, பைப்பில் இழுத்த பிறகு தாழ்ந்த ஓசை காணாமல் போய்விட்டது, குரல் நடுவில் நிற்கவில்லை. இந்த இரண்டு அறிகுறிகளும் சேர்ந்து வந்தால் என் சந்தேகம் ஒயரின் தரத்தின் மேல் போகாது. ஒரு பக்க ஸ்பீக்கருக்கு பிளஸ், மைனஸ் மாறிப் போயிருக்கிறது என்பேன். அந்த ஜங்ஷன் பாக்ஸ் இணைப்பில் சிவப்புக் கோடு போட்ட ஒயரையும் கோடில்லாததையும் மாற்றி முறுக்கியிருப்பார்கள். எலக்ட்ரீஷியனைக் குறை சொல்லவும் முடியாது. அவர் தினமும் போடுகிற விளக்குக்கு எந்த ஒயர் எங்கே மாறினாலும் எரியும்.

ஸ்பீக்கர் விஷயம் அப்படியல்ல. இரண்டு ஸ்பீக்கரின் கோனும் (அதிர்ந்து ஓசை எழுப்புகிற கூம்பு) ஒரே நேரத்தில் முன்னால் வந்து, ஒரே நேரத்தில் பின்னால் போக வேண்டும். ஒரு பக்கம் மாறிவிட்டால், ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றொன்று இழுக்கும். தாழ்ந்த ஓசைகளின் அலைநீளம் பல மீட்டர் என்பதால் இரண்டும் ஒன்றையொன்று பெருமளவு அழித்துக்கொள்ளும். தொப்பி போவதும், தம்புராவின் கீழ்ச் சுருதி மெலிவதும் அதனால்தான். இரண்டு பக்கமும் சமமாகப் பதிவான குரல் நடுவில் நிற்காமல் அறை முழுக்கக் கலைந்து கேட்கும். உயர்ந்த ஓசை தருகிற வலந்தலையும் (மிருதங்கத்தின் வலது பக்கம்) ஜால்ராவும் பெரிதாக மாறாது என்பதால், ஏதோ தரக்குறைவு என்றுதான் தோன்றும். மாறி இணைத்திருக்கிறது என்று தோன்றாது.

சோதிப்பது சுலபம். பழைய ஒயரை உருவிய பிறகு, தற்காலிகமாகத் தரையில் ஓட்டி, தனிக்குரல் பதிவு ஒன்றைப் போட்டு, இரண்டு ஸ்பீக்கருக்கும் சம தூரத்தில் உட்காருங்கள். கேட்டபின் செட்டை அணைத்துவிட்டு, ஒரு ஸ்பீக்கரில் மட்டும் இரண்டு முனைகளையும் மாற்றிப் போட்டு மறுபடி கேளுங்கள். எந்த நிலையில் தாழ்ந்த ஓசை நிறைவாக இருந்து, குரல் நடுவில் நிற்கிறதோ அதுதான் சரி. தீர்ப்பு சொல்ல உங்கள் மனைவியை உட்கார வையுங்கள். நீளமான ஒயரில் எந்த முனை எது என்று குழப்பம் வந்தால், ஆம்பிளிஃபயரிலிருந்து கழற்றிவிட்டு, அந்த முனையில் ஒரு 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியை ஒரு நொடிக்கும் குறைவாகத் தொட்டு எடுங்கள். பேட்டரியின் பிளஸ் தொட்ட ஒயர் ஸ்பீக்கரின் சிவப்பு முனைக்குப் போயிருந்தால் பெரிய கோன் வெளியே வரும். உள்ளே போனால் மாறியிருக்கிறது.

கடைக்காரர் புது கேபிள் போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? அவர் பிளஸ், மைனஸ் சரியாகப் பார்த்து இணைத்திருப்பார். தொப்பி திரும்பி வந்திருக்கும். 42,000 ரூபாய்க்குப் பலன் கிடைத்தது என்று நீங்களும் ஊரெல்லாம் சொல்லியிருப்பீர்கள். விலை உயர்ந்த கேபிள்களின் புகழில் ஒரு பங்கு இப்படிச் சேர்ந்ததுதான் என்பது என் அபிப்பிராயம். பழைய இணைப்பில் இருந்த கோளாறு, தளர்ந்த திருகு, கறுத்துப்போன முனை எல்லாம் மாற்றும்போது தானாகச் சரியாகிவிடும். பெயர் புது ஒயருக்குப் போகும்.

ஒயரின் தடிமன், நீளம்: இங்கே மகன் சொல்வது தவறு

ஒயருக்கும் ஓசைக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. சம்பந்தம் உண்டு. அதன் பெயர் மின்தடை, அதை அளக்கிற அலகுதான் ஓம். தடிமன் குறையக் குறைய, நீளம் கூடக் கூட மின்தடை ஏறும். போக ஒரு ஒயர், வர ஒரு ஒயர் என்பதால் உங்கள் 14 மீட்டர் உண்மையில் 28 மீட்டர்.

மகன் சொல்கிற டெலிபோன் ஒயர் அரை மில்லிமீட்டர் கம்பி. 28 மீட்டருக்கு அதன் தடை சுமார் 2.5 ஓம் வரும். 6 ஓம் ஸ்பீக்கருக்கு முன்னால் இது பெரிய தடை. சத்தம் மட்டும் குறைந்தால் பரவாயில்லை, வால்யூமை ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் '6 ஓம்' என்பது ஒரு பெயரளவு எண். அதே ஸ்பீக்கர் ஒரு ஸ்வரத்தில் 4.5 ஓமாகவும், இன்னொரு ஸ்வரத்தில் 25 ஓமாகவும் இருக்கும். 4.5 ஓமாக இருக்கும் இடத்தில் அந்த ஒயர் 4 டெசிபெல்லுக்குக் (சத்தத்தை அளக்கும் அலகு) கொஞ்சம் குறைவாக விழுங்கும், 25 ஓமாக இருக்கும் இடத்தில் ஒரு டெசிபெல் கூட விழுங்காது. ஆக, ஸ்பீக்கரின் குணமே மாறிவிடும். இதை யாரும் காதால் கேட்கலாம்.

நீங்கள் வாங்கிய ரோல் அவ்வளவு மோசமில்லை, ஆனால் நல்லதும் இல்லை. வெளியே செம்பு நிறம், சுரண்டினால் உள்ளே வெள்ளை என்றால் அது அலுமினியக் கம்பி மேல் மெல்லியதாகச் செம்பு பூசியது. கடைகளில் சி.சி.ஏ. என்பார்கள். (வெளியே வெள்ளை, உள்ளே செம்பு என்றால் அது வெள்ளீயம் பூசிய செம்பு, நல்ல சரக்குதான். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அதே தடிமனுள்ள செம்பைவிட சி.சி.ஏ.வின் தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. 16 கேஜ் என்பது 1.3 சதுர மில்லிமீட்டர். அதில் சி.சி.ஏ. என்றால் உங்கள் வலது பக்கத்துக்கு 0.58 ஓம் அளவில் வரும், இடது பக்கத்துக்கு 0.16 ஓம். வலது ஸ்பீக்கர் இடதைவிட அரை டெசிபெல்லுக்குச் சற்று மேல் மெலிந்து ஒலிக்கும். கூர்ந்து கேட்டால் தெரிகிற எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிற வித்தியாசம் இது. தொப்பியை விழுங்குகிற வித்தியாசம் இல்லை.

எவ்வளவு தடை இருக்கலாம்? மெக்கின்டாஷ் என்ற அமெரிக்க ஆடியோ நிறுவனத்தில் ஸ்பீக்கர்களை வடிவமைத்த ரோஜர் ரஸல் சொன்ன கணக்கு ஒன்று உண்டு: ஒயரின் மொத்தத் தடை ஸ்பீக்கரின் ஓமில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உங்களுக்கு அது 0.3 ஓம். 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயர் 28 மீட்டருக்கு 0.22 ஓம்தான் வரும். அது போதும். மனது கேட்காவிட்டால் 4 ஸ்கொயர் போடுங்கள், 0.14 ஓம். அதற்கு மேல் போனால் ஒயர் ஸ்பீக்கரின் துளையில் நுழையாது என்பதைத் தவிர வேறு வித்தியாசம் இருக்காது.

எலக்ட்ரிக்கல் கடையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு கிடைக்கிற, பல இழை கொண்ட இரட்டைக் கோர் செம்பு ஒயரே இந்த வேலைக்குத் தாராளம். 18 மீட்டர் வாங்கினால் சில ஆயிரம் ரூபாயைத் தாண்டாது. ஆனால் அதில் ஒரு கவனம் தேவை. பார்ப்பதற்குக் கரண்ட் ஒயர் மாதிரியே இருக்கும் என்பதால், இரண்டு நுனியிலும் 'ஸ்பீக்கர்' என்று எழுதி ஒட்டிவிடுங்கள். நாளைக்கு வேறொரு எலக்ட்ரீஷியன் வந்து அதைப் பிளக்கில் மாட்டிவிடக் கூடாது. இரண்டு கோரும் ஒரே உறைக்குள் சேர்ந்தே போகட்டும். தனித்தனி ஒயர்களாக வாங்கி, ஒன்றை ஒரு பக்கமும் மற்றொன்றை வேறு பக்கமும் கொண்டுபோனால் இண்டக்டன்ஸ் (உயர்ந்த ஓசைகளை மட்டும் கூடுதலாகத் தடுக்கிற குணம்) ஏறி மேல்ஸ்தாயி கொஞ்சம் அடிவாங்கும்.

இன்னொரு யோசனையும் சொல்கிறேன், செலவே இல்லாதது. ஆம்பிளிஃபயரை மூலை அலமாரியிலிருந்து எடுத்து இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில், டி.வி. ஸ்டாண்டில் வைக்க முடியுமா? அப்படியானால் இரு பக்கமும் சில மீட்டரில் முடிந்துவிடும், சுவரில் பட்டி அடிக்கும் வேலையும் இல்லை. அலமாரிக் கதவை மூடி வைத்தால் ஆம்பிளிஃபயர் சூடாகும் என்பதால் எனக்கு அந்த மூலை ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை.

கடைக்காரர் சொன்னவை

இரண்டு ஒயரும் ஒரே நீளம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்க ஓசை தாமதமாகும் என்றாராம். ஒயரில் மின்சிக்னல் ஒளியின் வேகத்தில் பாதிக்கு மேல், பொதுவாக மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் போகிறது. 10 மீட்டர் வித்தியாசத்துக்கு 50 நானோ வினாடி ஆகும். அந்த நேரத்தில் காற்றில் ஓசை நகரும் தூரம் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு கூட இல்லை. நீங்கள் நாற்காலியில் சாய்ந்து உட்காரும்போது தலை நகர்வதே அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம். சம நீளத்துக்கு ஒரே நியாயம் இரண்டு பக்கமும் மின்தடை சமமாக இருக்கும் என்பதுதான். 2.5 ஸ்கொயர் செம்பில் அந்த வித்தியாசம் 0.2 டெசிபெல். பேலன்ஸ் திருகை ஒரு மயிரிழை நகர்த்தினால் சரி. மிச்ச 10 மீட்டருக்குப் பணம் கொடுத்து, அதைச் சுருட்டி டி.வி.க்குப் பின்னால் ஒளித்து வைக்க வேண்டாம்.

வெள்ளி, செம்பைவிட 6 சதவீதம் போல நன்றாக மின்சாரம் கடத்தும். அது முழு வெள்ளிக் கம்பிக்கு. மேலே பூசியதற்கு அதுவும் இல்லை. ஆக்ஸிஜன் நீக்கிய செம்பு என்று பெரிதாக அச்சிடுகிறார்கள். சாதாரண மின்செம்புக்கும் அதற்கும் கடத்துதிறனில் ஒரு சதவீத அளவுதான் வித்தியாசம். ஒயரை ஒரு சாண் கூடுதலாக வெட்டினால் அந்த லாபம் போய்விடும். கேபிள் மேல் அம்புக்குறி போட்டு, இந்தப் பக்கம்தான் ஸ்பீக்கர் என்பார்கள். ஓசை மின்னோட்டம் வினாடிக்கு நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான முறை திசை மாறுவது. அம்பு எந்தப் பக்கம் பார்க்கும்? 100 மணி நேரம் ஓடிய பிறகுதான் கேபிள் பழகும் என்பதில், 100 மணி நேரத்தில் உங்கள் காது பழகிவிடும் என்பது மட்டும் உண்மை. (கடை திருப்பி எடுத்துக்கொள்ளும் கெடுவும் அதற்குள் முடிந்துவிடும்.)

ஒயர் சரியில்லாவிட்டால் ஆம்பிளிஃபயருக்கு ஸ்பீக்கர் மேல் பிடி போய்விடும், பாஸ், அதாவது தாழ்ந்த ஓசை, தொளதொளக்கும் என்பதும் அவர் வாதம். அந்தப் பாதையில் ஸ்பீக்கரின் சொந்தச் சுருளே சுமார் 5 ஓம் தடையாக உட்கார்ந்திருக்கிறது. அதோடு 0.2 ஓம் ஒயர் சேர்ந்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஸ்பீக்கருக்குப் பின்னால் நான்கு முனை இருக்கிறது, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரட்டை ஒயர் போடலாம் என்றும் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். அந்த முனைகளை இணைக்கும் உலோகப் பட்டை இறுக்கமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இதையெல்லாம் வைத்து அவரை ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்ல மாட்டேன். இந்தத் தொழிலில் இருப்பவர்களில் பலர் இதை மனதார நம்புகிறார்கள்.

அப்படியானால் கடையில் நீங்கள் கேட்டது?

கேட்டது பொய்யில்லை. ஆனால் எதைக் கேட்டீர்கள் என்பதுதான் கேள்வி. ஒயரைக் கழற்றி மாட்ட இரண்டு, மூன்று நிமிடம் ஆகும். ஓசையின் நுணுக்கத்தைக் காது நினைவில் வைத்திருப்பது சில நொடிகள்தான். இடையில் வால்யூம் கொஞ்சம் ஏறியிருந்தாலும், கூடுதல் சத்தம் 'கூடுதல் தெளிவு' என்றுதான் காதில் விழும். எது விலை உயர்ந்தது என்று தெரிந்தே கேட்டீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதில் படித்தவர், படிக்காதவர் வித்தியாசமில்லை. ஒலிப்பதிவு அறையில் வேலை செய்பவர்களுக்கும் இது நடக்கும்.

1983-ல் அமெரிக்காவின் 'ஸ்டீரியோ ரிவ்யூ' பத்திரிகை, எந்த ஒயர் ஓடுகிறது என்பதை மறைத்து வைத்துக் கேட்கச் செய்தது. மெல்லிய 24 கேஜ் ஒயரைக் கேட்டவர்கள் பிரித்துச் சொன்னார்கள், சத்தம் குறைந்ததே காட்டிக்கொடுத்துவிட்டது. ஆனால் இசையை ஓடவிட்டபோது, சாதாரண 16 கேஜ் விளக்கு ஒயரையும் அந்தக் காலத்தில் பேர் வாங்கியிருந்த மான்ஸ்டர் கேபிளையும் அவர்களால் பிரித்தறிய முடியவில்லை. மேலே நான் போட்ட கணக்கும் இதுவும் ஒத்துப்போவதைக் கவனியுங்கள். தடிமன் போதாவிட்டால் கேட்கும், போதுமான பிறகு கேட்காது.

நீங்களும் செய்து பார்க்கலாம். கடைக்காரர் கேபிளை ஒரு வாரம் வீட்டில் வைத்துப் பார்க்கக் கொடுப்பாரா என்று கேளுங்கள், பிடிக்காவிட்டால் முழுப் பணமும் திருப்பித் தருவதாக பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். மகன் ஊருக்கு வரும்போது அவர் ஒயரை மாற்றட்டும், சில சமயம் மாற்றாமலே மாற்றியதுபோல் நடிக்கட்டும். நீங்களும் மனைவியும் ஸ்பீக்கருக்குப் பின்னால் பார்க்காமல் ஒவ்வொரு முறையும் எது என்று எழுதுங்கள். இருபது முறையில் பதினைந்துக்கு மேல் சரியாகச் சொன்னால் வாங்கிக்கொள்ளுங்கள், நான் தடுக்க மாட்டேன். பணம் உங்களுடையது, ரசனையும் உங்களுடையது. அழகான கேபிள் கண்ணுக்குத் தருகிற சந்தோஷத்துக்காக வாங்குவதும் தப்பில்லை, அதற்காகத்தான் வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினால்.

இணைக்கும்போது

முதலில் செட்டை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். ஒயரின் நுனியை ஒரு சென்டிமீட்டர் சீவி, இழைகளை இறுக்கி முறுக்குங்கள். ஓர் இழை நீட்டிக்கொண்டு பக்கத்து முனையைத் தொட்டாலும் ஆம்பிளிஃபயரின் அவுட்புட் போய்விடக்கூடும். ஒயர் நுனியில் மாட்டுகிற பனானா பிளக் போட்டுக்கொண்டால் இந்தக் கவலை இல்லை. நுனியில் ஈயம் வைத்துத் திருகின் கீழ் மாட்டுகிற பழக்கம் சிலருக்கு உண்டு. ஈயம் மெதுவாக நசுங்கிக் கொடுத்து, சில மாதத்தில் திருகு தளர்ந்துவிடும். வெறும் செம்பே மேல். சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நுனியை வெட்டிப் புதிதாகச் சீவிக்கொள்வது நல்லது.

ஒயரை மிச்சப்படுத்த, இரண்டு ஸ்பீக்கரின் மைனஸையும் ஒன்றாக இணைத்து 'மூணு ஒயரே போதும் சார்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இன்றைய ஆம்பிளிஃபயர்கள் பலவற்றில் மைனஸ் முனையிலும் சிக்னல் இருக்கும். இரண்டையும் சேர்த்தால் செட் போய்விடும்.

அந்த 'ம்ம்ம்' இரைச்சல்

இதற்கும் ஸ்பீக்கர் ஒயருக்கும் சம்பந்தம் இருக்க வாய்ப்பு குறைவு. செட்டாப் பாக்ஸை இணைத்தால்தான் வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கேபிள் டி.வி. லைனின் எர்த்துக்கும் உங்கள் வீட்டு எர்த்துக்கும் இடையில் ஒரு சுற்று உண்டாகி, அதன் வழியே 50 ஹெர்ட்ஸ் ஓசை உள்ளே வருகிறது. செட்டாப் பாக்ஸில் திருகியிருக்கும் கேபிள் ஒயரை மட்டும் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் உடனே நின்றால் சந்தேகமே இல்லை. ஆம்பிளிஃபயரில் ஆப்டிக்கல் இன்புட் இருந்தால் செட்டாப் பாக்ஸிலிருந்து ஆப்டிக்கல் ஒயரில் இணைத்துவிடுங்கள். அது வழியே ஒளி மட்டும்தான் போகும், எர்த் போகாது. சிலர் ஆம்பிளிஃபயர் பிளக்கின் எர்த் பின்னை எடுத்துவிடச் சொல்வார்கள். இரைச்சல் நிற்கும், கூடவே உங்கள் பாதுகாப்பும் போகும். கண்டிப்பாகச் செய்யாதீர்கள். ஃபேன் வேகத்தைக் குறைக்கும்போது மட்டும் 'ஸ்ஸ்' என்று வந்தால் அது ரெகுலேட்டரின் வேலை, ஸ்டெப் ரெகுலேட்டராக மாற்றினால் பெரும்பாலும் போய்விடும்.

மிச்சமாகிற பணம்

புது வீடு, டைல்ஸ் தரை, வெறும் சுவர். ஹாலின் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள். 'டிங்' என்று திரும்பி வந்தால், நீங்கள் கேட்கும் பாட்டில் பாதி சுவரின் பாட்டு. ஸ்பீக்கர்களுக்கு முன்னால் ஒரு கனமான கம்பளம், ஜன்னலுக்குத் தடித்த திரை, புத்தக அலமாரி ஒன்று என்று சேர்த்தால் தெரியும் மாற்றம் எந்தக் கேபிளாலும் வராது. அதற்கும் முன், ஸ்பீக்கரைச் சுவரை விட்டு ஒரு அடி, இரண்டு அடி என்று தள்ளிக் கேட்டுப் பாருங்கள். 14 அடி அகலமுள்ள அறை 40 ஹெர்ட்ஸ் பக்கத்தில் தானாகவே கூவும். ஸ்பீக்கரையோ நாற்காலியையோ நகர்த்தினால் தாழ்ந்த ஓசை பல டெசிபெல் ஏறி இறங்கும். நாம் இவ்வளவு நேரம் பேசிய ஒயர் வித்தியாசம் 0.2 டெசிபெல்.

ரோலைப் பற்றிய புகார்

செய்யலாம். முதலில் அந்த விற்பனைப் பக்கத்தைத் திறந்து, அடியில் எங்காவது சின்ன எழுத்தில் 'சி.சி.ஏ.' என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உங்கள் வாதம் பலவீனமாகும். '100 சதவீத காப்பர்' என்று மட்டும் இருந்தால் அது தவறான விவரம் கொடுத்து விற்றது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. பக்கத்தைப் படமெடுத்து, பில்லோடும் சுரண்டிய இழையின் போட்டோவோடும் அந்த விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020-ல் வந்த மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். பதில் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவும் இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு, 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் 1,100 ரூபாய்க்காக அலைவது வேண்டுமா என்று யோசியுங்கள். பெரும்பாலும் 1915 அளவிலேயே பணம் திரும்பி வந்துவிடும். பைப்பிலிருந்து உருவிய ஒயரை எலக்ட்ரீஷியன் பழைய சாமானுக்கு எடுத்துப் போக விடாமல், லேபிளோடு அட்டைப் பெட்டியில் போட்டு வையுங்கள். திருப்பி அனுப்பச் சொல்லிக் கேட்பார்கள்.